காற்றுக்கு எத்தனை பங்கு?

பதுவைப் பதியராகிய புனித அந்தோணியாருக்குக் கத்தோலிக்க உலகம் திருவிழா எடுப்பது ஜூன் மாதம் 13ஆம் தேதி. 1231ஆம் ஆண்டு அந்தத் தேதியில்தான் அவர் இத்தாலி தேசத்துப் பதுவை நகரை அடுத்த ஓரிடத்தில் தேகவியோகமானார். ஆனால் இராமேசுவரத்துக்கும் நெடுந்தீவுக்கும் இடையே, பாக் நீரிணையின் நடுவில், 285 ஏக்கர் பரப்போடு கிடக்கும் கச்சத்தீவில் மட்டும் அவருக்கு விழா நடப்பது மாசி பங்குனியில், தவக்காலத்து நாட்களில். ஒரு சிறு திட்டு திருச்சபையின் நாட்காட்டியைத் தன் போக்குக்கு இப்படி வளைத்துக்கொண்டதற்குக் காரணம் தேடிப் பழைய ஏடுகளைப் புரட்ட வேண்டியதில்லை. ஜூன் மாதத்தில் பாம்பன் கரையில் நின்று, கச்சான் காற்று கடலைக் கிளறிப் போடுகிற கோலத்தை அரை நாழிகை பார்த்தால் போதும். குழந்தைகுட்டிகளோடும் கிழவிகளோடும் பாய்விரித்துக் கிளம்புகிற காலம் அதுவல்ல என்பது யாருக்கும் விளங்கும். ஐப்பசி கார்த்திகையின் வாடை ஓய்ந்து, கச்சான் இன்னும் எழாமல், கடல் கொஞ்சம் மூச்சு வாங்குகிற இடைவெளி மாசி பங்குனிதான். கோடி அற்புதர் என்று கரையோரத்து ஜனங்கள் கொண்டாடும் அந்தப் பெரியவரே, காற்று உத்தரவு கொடுத்தாலொழியத் தம் விழாவைக் காண முடியாது என்று ஏற்பட்டுவிட்டது.

இந்தச் சிறு விஷயம் நெடுநாளாக என் மனத்தில் கிடந்து வேறொரு பெரிய விஷயத்தைக் கிளறிக்கொண்டிருக்கிறது. மனிதன் ஒன்றை அடைகிறான் என்றால் அதில் அவனுடைய பிரயத்தனம் எவ்வளவு, அவனுக்கு அப்பாற்பட்ட ஒன்றின் செயல் எவ்வளவு என்ற கேள்வியைத்தான் சொல்கிறேன். வள்ளுவர் அறத்துப்பாலின் கடைசியில் 38ஆம் அதிகாரமாக ஊழை வைத்தார். பொருட்பாலில் 62ஆம் அதிகாரமாக ஆள்வினையுடைமையை வைத்தார். முன்னதைப் படித்தவன் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவும், பின்னதைப் படித்தவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பவும் நியாயம் இருக்கிறது. இரண்டையும் ஒருங்கே படித்தவன் என்ன செய்வது என்பதில் உரைகாரர்களுக்குள்ளேயே ஒருமுகப்பட்ட தெளிவு இல்லை. வைஷ்ணவர்களுக்குள், குரங்குக்குட்டியைப்போல் ஜீவன் தானாக இறைவனைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்று வடகலையாரும், பூனைக்குட்டியைப்போல் தாயே கவ்விக்கொண்டு போவாள் என்று தென்கலையாரும் பல நூற்றாண்டுகளாக வழக்காடி வருகிறார்கள். சைவ சித்தாந்திகள் இருவினையொப்பு, மலபரிபாகம், சத்திநிபாதம் என்று படிப்படியாக வகுத்து, வழக்கைச் சற்று நாகரிகமாக நடத்தினார்கள். கிறிஸ்தவ உலகில் 5ஆம் நூற்றாண்டில் அகுஸ்தீனுக்கும் பெலேஜியஸுக்கும் மூண்ட சண்டையும் இதே சண்டைதான். இத்தனை மகான்கள் பேசி ஓயாத விஷயத்தில் புதிதாகச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், ஒன்றும் இல்லை; பாய்மரப் படகில் கச்சத்தீவுக்குப் போனேன் என்ற ஒரு யோக்கியதையைத் தவிர.

இப்போது அந்த விழாவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் விசைப்படகில்தான் போகிறார்கள். எனக்கு வாய்த்ததோ வத்தை என்று பாக் நீரிணைக் கரையில் வழங்கும் பலகைப் படகு. குறுகிய உடல், ஆழமில்லாத அடி, ஒரு மரம், பருமலில் கட்டிய பழைய பாய். அந்தப் பாயில் ஒட்டுப் போடாத இடம் எது என்று தேடத்தான் வேண்டும். கச்சத்தீவு இராமேசுவரத்துக்கு வடகிழக்கே இருக்கிறது. மாசியில் வீசுகிற காற்றோ, வாடையின் மிச்சமாக அதே வடகிழக்கிலிருந்து வருவது. ஆகவே போகிற திசையிலிருந்தே காற்று எதிர்த்து வந்தது. எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று சுக்கான் பிடித்திருந்த தண்டலிடம் பட்டணத்து வழக்கப்படி கேட்டேன். "அதைக் காத்துக்கிட்டத்தான் கேக்கணும், ஐயா. தாமான் கயித்தை மிதிச்சிக்கிட்டிருக்கீங்க, கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்றார் அவர். தத்துவம் பேச அவருக்கு அவகாசம் இல்லை. என் காலடியில் இருந்த கயிற்றில்தான் பாயின் கீழ்முனை முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது.

எதிர்க்காற்றில் பாய்மரப் படகு எப்படிப் போகும் என்பது கரையில் இருந்து கேட்பவனுக்கு ஒரு புதிர். ஏறி உட்கார்ந்து பார்த்தவனுக்கு அது ஓர் ஆனந்தம். காற்றை நேருக்கு நேர் பார்த்தபடி எந்தப் பாயும் படகை இழுக்காது; படபடவென்று அடித்துக்கொண்டு கிழியப் பார்க்கும். ஆனால் காற்றுக்குச் சற்றே சாய்வாக அணியத்தைத் திருப்பி, தாமானை இறுக்கிப் பிடித்தால், பாய் வயிறு புடைத்து, படகைப் பக்கவாட்டில் தள்ளப் பார்க்கும் விசையே, நீருக்குள் இருக்கும் உடலும் சுக்கானும் வழுக்கவிடாமல் தடுப்பதால், முன்னோக்கிய ஓட்டமாக மாறுகிறது. இப்படி வலப்பக்கம் சாய்ந்து கொஞ்ச தூரம், பிறகு பாயை மாற்றி இடப்பக்கம் சாய்ந்து கொஞ்ச தூரம் என்று, கோணல் கோணலாகத் தைத்துக்கொண்டே போனால், காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசைக்கே, அந்தக் காற்றைக் கொண்டே, போய்ச் சேர்ந்துவிடலாம். தடையாக வந்த ஒன்றே வாகனமாகிவிடுகிற இந்த வித்தையைக் கண்டுபிடித்தவன் எந்தத் தேசத்தவனாக இருந்தாலும் அவனுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

இதில் நான் வெகுநேரம் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு பலகையைத்தான். படகின் குறுக்கே போட்டு, காற்று வரும் பக்கமாக நீருக்கு மேலே வெளியே நீட்டிவைத்த பலகை அது. காற்று பலத்துப் படகு சாயத் தொடங்கினால் ஒருவன் எழுந்து அந்தப் பலகையின் நுனிக்குப் போய் உட்காருகிறான். இன்னும் பலத்தால் இன்னொருவன் அவன் பின்னால் போகிறான். காற்று தணிந்தால் இருவரும் உள்ளே நகர்ந்து வருகிறார்கள். பாயை மாற்றும்போது பலகையையும் மறுபக்கம் தள்ளிப் போடுகிறார்கள். யாரும் யாருக்கும் ஆணையிடவில்லை. பீடி பிடித்துக்கொண்டிருந்தவன் பேச்சை நிறுத்தாமலே எழுந்து போய், கடலுக்கு மேலே, அலை உள்ளங்காலை நனைக்கிற உயரத்தில், திண்ணையில் உட்காருவது போல உட்கார்ந்தான். சென்னை ராஜதானியின் மீன்வளத்துறைக்குத் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஹார்னல் இந்தியப் படகுகளைப் பற்றி 1920இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இந்தப் பலகையை விசேஷமாகக் கவனித்து எழுதியிருக்கிறார். இலங்கையில் துணைமரம் கட்டிய ஓடம் ஓட்டுகிறவர்கள் காற்றின் பலத்தை ஓராள் காற்று, ஈராள் காற்று என்று, அதைச் சமன்செய்ய வெளியே போய் உட்கார வேண்டியவர்களின் தொகையைக் கொண்டே அளந்தார்கள் என்றும் பழைய பிரயாணிகள் குறித்திருக்கிறார்கள். காற்றை மனிதனால் அளக்கிற அளவுகோல் இதைவிட நேர்மையானது இருக்க முடியாது.

உச்சிவேளைக்குச் சற்று முன்பு காற்று விழுந்துவிட்டது. பாய் துவண்டு மரத்தோடு ஒட்டிக்கொண்டது. வெயில் பலகையின் இடுக்கில் இருந்த தாரை உருக்கியது. நீவாடு எங்களைத் தெற்கே மெல்ல இழுக்கத் தொடங்கியது. இரண்டு பேர் துடுப்பை எடுத்து வலித்தார்கள். அவர்கள் வலித்த அளவுக்குப் படகு நகர்ந்தது; நிறுத்தினால் நின்றது. அப்போதுதான் எனக்கு ஒரு வித்தியாசம் பிரத்யட்சமாகத் தெரிந்தது. துடுப்பு வலிக்கிறவனுடைய உழைப்பும் படகின் ஓட்டமும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. நான்கு கை வலித்தால் இவ்வளவு, எட்டுக் கை வலித்தால் அவ்வளவு என்று கணக்குப் போடலாம். ஒருவன் பங்கு, மற்றவன் பங்கு என்று பிரிக்கலாம். பாய் விரித்த படகில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே படகை நகர்த்தும் விசை முழுவதும் காற்றினுடையது. மனிதன் கை அதனோடு ஓர் எள்ளளவு விசையைக்கூடச் சேர்ப்பதில்லை. ஆயினும் அந்தக் கை தாமானை விட்டுவிட்டால், பலகையில் போய் உட்கார மறுத்துவிட்டால், சுக்கானைக் கோணலாகப் பிடித்தால், அதே காற்று அதே படகைக் கவிழ்த்துவிடும், அல்லது வேறெங்கோ கொண்டுபோய் ஒதுக்கிவிடும். காற்றின் செயல் முழுமை. கையின் செயலும் முழுமை. இரண்டும் ஒரே தராசில் நிறுக்கத்தக்க பண்டங்கள் அல்ல.

அருளா முயற்சியா என்று வழக்காடியவர்கள் பெரும்பாலும் துடுப்புப் படகில் உட்கார்ந்து வழக்காடியவர்கள் என்பது என் அபிப்பிராயம். கடவுளும் மனிதனும் ஆளுக்கொரு துடுப்பைப் பிடித்துக்கொண்டிருப்பதாகவும், ஒருவர் அதிகம் வலித்தால் மற்றவருக்கு வேலை குறையும் என்பதாகவும் ஒரு சித்திரத்தை அறியாமலே வரித்துக்கொண்டு, பிறகு பங்கு பிரிக்கப் புகுந்தார்கள். மனிதனுக்குப் பங்கு கொடுத்தால் இறைவனுடைய பெருமை குறைந்துவிடுமே என்று பக்தர்களும், இறைவனுக்கு முழுப்பங்கையும் கொடுத்துவிட்டால் மனிதன் சோம்பேறியாவானே என்று நீதிமான்களும் பயந்ததெல்லாம் இந்தச் சித்திரத்திலிருந்து வந்த பயமே. கணியன் பூங்குன்றனாரும் ஒரு சித்திரம் தந்தார். மலையாற்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படும் புணையாக உயிரின் வாழ்வை அவர் கண்டார். மகத்தான தரிசனம்தான், ஆனால் அது ஆற்றின் தரிசனம். ஆற்றுக்கு ஒரே திசை உண்டு. புணைக்குப் பாயும் இல்லை, சுக்கானும் இல்லை. கடலில் பிறந்த புலவன் ஒருவன் அதே பொருளைப் பாடியிருந்தால் வேறுவிதமாகத்தான் பாடியிருப்பான். வெண்ணிக்குயத்தியார் கரிகாலனைப் பாடும்போது, காற்றை ஏவல் கொண்டு கலம் செலுத்திய ஒருவனுடைய வழித்தோன்றல் என்று அவனைப் புகழ்கிறார். அதுவோ மறுகோடிக்குப் போய்விட்ட பேச்சு. காற்றை ஏவல் கொண்டவன் எவனும் இல்லை என்பதை எந்தத் தண்டலும் சொல்வார். அரசனைப் பாட வந்த இடத்தில் அதற்கு மன்னிப்பு உண்டு.

காத்திருப்பது எப்போது பக்தி, எப்போது மடமை என்ற கேள்வியும் இந்தக் கரைக்குப் புதிதல்ல. இராமநாதபுரத்தை அடுத்த திருப்புல்லாணியில் ராமன் தர்ப்பையைப் பரப்பிப் படுத்து, கடலைக் கடக்க வழிவிடுமாறு சமுத்திரராஜனை மூன்று நாள் வேண்டினான் என்பது கதை. கடல் அசையவில்லை, வில்லை எடுத்த பிறகே ராஜன் கைகூப்பி எழுந்து வந்தான். இதே கரையில்தான் விபீஷணன் சரணாகதி செய்து உடனே ஏற்கப்பட்டான். ஒரே கரையில் இரண்டு சரணாகதிகள் நிகழ்ந்து ஒன்று பலித்து ஒன்று பலிக்காமல் போனது ஏன் என்று வைஷ்ணவ ஆசாரியர்கள் நுட்பமாக ஆராய்ந்திருக்கிறார்கள். சரணடையத் தக்கவன் யார், யாரிடம் சரணடைவது என்பதில் அவர்கள் விசாரம் நின்றது. எனக்குத் தோன்றுவது வேறு. கடலைக் கடக்க விரும்புகிறவன் கடலை வேண்டிப் பயனில்லை; கடலிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. காற்றிடமும் அப்படியே.

கச்சத்தீவின் நாயகராகிய அந்தோணியாருடைய சரித்திரத்தையே எடுத்துக்கொள்வோம். 1195இல் லிஸ்பன் நகரில் பெர்னாந்து என்ற பெயரோடு பிறந்தவர். மொராக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் 1220இல் போர்த்துகல்லுக்குக் கொண்டுவரப்பட்டபோது, தாமும் அப்படியே வேதசாட்சியாக மரிக்க வேண்டும் என்ற தாபம் கொண்டு, இருந்த சபையை விட்டு அந்தத் துறவிகளின் சபையில் சேர்ந்து, அந்தோணி என்று பெயர் மாற்றிக்கொண்டு, மொராக்கோவுக்குக் கப்பலேறினார். போன இடத்தில் ஒருவரும் அவரைக் கொல்லவில்லை, காய்ச்சல்தான் கண்டது. படுக்கையாகக் கிடந்து, வந்த காரியம் ஒன்றும் ஆகாமல், ஊருக்குத் திரும்பக் கப்பலேறினார். அந்தக் கப்பலும் ஊருக்குப் போகவில்லை. புயல் அதைக் கிழக்கே அடித்துக்கொண்டு போய்ச் சிசிலித் தீவில் ஒதுக்கியது. மரிக்கப் போய் மரிக்கவும் இல்லை, திரும்பப் போய்த் திரும்பவும் இல்லை. அங்கிருந்து அசிசிக்குப் போய், பெயர் தெரியாத துறவியாகச் சில காலம் ஒதுங்கியிருந்து, பிறகு இத்தாலி முழுவதும் கேட்கும்படி பிரசங்கம் செய்து, இறந்த ஓராண்டுக்குள் புனிதர் பட்டம் பெற்றார். அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பதுவை, அவர் போக நினைத்த ஊரே அல்ல. காற்று தவறான இடத்தில் இறக்கிவிட்ட ஒருவரைக் காற்றை நம்பிப் பிழைக்கிற ஜனங்கள் தங்கள் காவலராகக் கொண்டது பொருத்தம் என்று நான் சொன்னால், அவர்கள் அந்தச் சரித்திரத்தை அறிந்துதான் கொண்டார்களா என்று கேட்பீர்கள். அறிந்தோ அறியாமலோ, பொருத்தம் பொருத்தமே.

ஆனால் இதற்கு எதிர்ச்சாட்சி ஒன்றும் நம் இலக்கியத்திலேயே இருக்கிறது. அதை மறைத்துவிட்டு மேலே போவது நேர்மையாகாது. மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன், எத்தனை பேருக்கு இட்டாலும் குறையாத அமுதசுரபியைக் கையில் ஏந்தி, பசித்தவரைத் தேடிச் சாவகத் தீவுக்குக் கப்பலேறுகிறான். காற்று மாறுபடவே கப்பல் மணிபல்லவத்தில் தங்குகிறது, அவன் இறங்குகிறான், இரவில் காற்று வாய்ப்பாக எழுந்ததும், அவன் ஏறிவிட்டான் என்று எண்ணிப் பாய்விரித்துப் போய்விடுகிறார்கள். ஆளில்லாத தீவு, கையில் உலகத்துக்கே சோறிடும் பாத்திரம். நயினாதீவே அந்த மணிபல்லவம் என்று கருதும் ஆராய்ச்சியாளர் பலர். அப்படியானால் கச்சத்தீவுக்கு அது அண்டைவீடு. தன் ஒரு வயிற்றுக்காக அந்தப் பாத்திரத்தை வைத்துப் பிழைத்திருக்க அவன் மனம் ஒப்பவில்லை. கோமுகிப் பொய்கையில் அதை விட்டுவிட்டு உண்ணாநோன்பிருந்து உயிரை விட்டான். அந்தோணியாரைப் புயல் ஓரிடத்தில் சேர்த்தது. ஆபுத்திரனை நல்ல காற்று கைவிட்டுப் போனது. கப்பலில் இருந்தவர்கள் அன்றிரவு அந்தக் காற்றை வாழ்த்தியிருப்பார்கள். ஒருவனுடைய அனுக்கிரகம் இன்னொருவனுடைய அநாதரவாக இருக்கக்கூடும் என்பதைச் சாத்தனாரைப்போல இத்தனை அடங்கிய குரலில் சொன்னவர்கள் அரியர். மறுபிறப்பில் அவன் சாவகத்துக்கே அரசனானான் என்று கதை தொடர்கிறது. அது ஆறுதலாக இருக்கலாம், அந்தத் தீவில் கழிந்த நாட்களுக்கு அது பதிலாகாது.

காற்றே அருள் என்று பேசத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் கடைசியில் 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி இரவின் முன் போய் நிற்க வேண்டும். அன்றிரவு இந்த நீரிணைமீது வந்த புயலில் தனுஷ்கோடி என்ற ஊரே இல்லாமல் போயிற்று. பாம்பனிலிருந்து அங்கே போய்க்கொண்டிருந்த ரயிலைக் கடல் மூடியது. அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் மீளவில்லை. அந்த ரயிலில் யாத்திரிகர்களும் இருந்தார்கள், பக்திமான்களும் இருந்தார்கள், தாய்மடியில் குழந்தைகளும் இருந்தார்கள். அதை அவர்கள் ஊழ் என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடுகிறவனை நான் வெறுக்கிறேன். ஊழ் என்பது, தனக்கு நேர்ந்ததைத் தான் தாங்கிக்கொள்ள ஒருவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள உரிமையுள்ள வார்த்தை. பிறன் வீட்டு இழவுக்கு விளக்கமாக அதைச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. வடகலையும் தென்கலையும், அகுஸ்தீனும் பெலேஜியஸும் இந்த எல்லையை எப்போதும் காத்தார்கள் என்று சொல்ல முடியவில்லை. மீனவர்கள் காக்கிறார்கள். காற்றை அவர்கள் அருள் என்று சொல்லி நான் கேட்டதில்லை. சாபம் என்று சொல்லியும் கேட்டதில்லை. அது கச்சான், அது வாடை, அது கொண்டல். பெயரும் திசையும் பருவமும் உள்ள ஒன்று, அவ்வளவுதான். வேண்டுதலெல்லாம் அந்தோணியாரிடம், காற்றிடம் ஒரு வேண்டுதலும் இல்லை.

அப்படியானால் அருள் எங்கே இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். காற்றில் இல்லை என்றும், கையில் மட்டும் இல்லை என்றும் சொல்லிவிட்ட பிறகு எனக்கு மிஞ்சுவது அந்தப் பலகைதான். காற்று எழும்போது எழுந்து வெளியே போய் உட்காரவும், தணியும்போது திரும்பி உள்ளே வரவும் ஒருவனுக்குத் தெரிந்திருக்கிறதே, அந்தத் தெரிவு அவனுடைய பிரயத்தனத்தால் வந்ததா, அவனுக்குக் கொடுக்கப்பட்டதா? அவன் தகப்பன் சொல்லிக்கொடுத்தான். தகப்பனுக்கு அவன் தகப்பன். எத்தனை தலைமுறைகளாக எத்தனை படகுகள் கவிழ்ந்து இந்தப் பாடம் தேறியதோ. அவனைக் கேட்டால் இதில் தெரிவதற்கு என்ன இருக்கிறது என்பான். தான் சம்பாதித்ததாக அவன் நினைக்கவில்லை. எவரோ பிச்சையிட்டதாகவும் நினைக்கவில்லை. சித்தாந்திகள் பரிபாகம் என்று சொன்னது இதைப் போன்ற ஒன்றையாக இருந்தால் அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பக்குவம் என்பது காற்றை வரவழைப்பதில்லை. வந்த காற்றில் கவிழாமல் இருப்பதுதான் அது.

பிற்பகலில் காற்று மீண்டும் எழுந்து எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கரையேறினோம். முட்புதரும் மணலுமாகக் கிடக்கிற தீவு. ஆண்டு முழுவதும் குடியிருப்பு இல்லாத நிலத்தில் அன்றைக்கு ஒரு ஊர் முளைத்திருந்தது. கொடியேற்றம், சிலுவைப்பாதை, இரவில் தேர்ப்பவனி, மறுநாள் காலைத் திருப்பலி என்று விழாவின் கிரமம் சுருக்கமானது. இந்தக் கரைத் தமிழரும் அந்தக் கரைத் தமிழரும் சிங்களவர் சிலரும் ஒரே மணலில் பாய்போட்டு உறங்குகிறார்கள். யாழ்ப்பாணத்துச் சவர்க்காரமும் தேங்காயெண்ணெயும் இந்தப் பக்கத்துக் கைலியும் கைமாறுவது பூசையைவிடக் குறைந்த உற்சாகத்தோடு நடப்பதில்லை. அதில் குறைகாண்கிறவர்கள் நம்முடைய திருவிழாக்கள் எதையும் பார்த்திராதவர்கள். விசைப்படகில் வந்தவர்கள் எங்களுக்கு வெகு முன்னதாகவே வந்து, குளித்து, சமைத்து, உண்டும் முடித்திருந்தார்கள். பாய்மரத்தில் வந்தவனுக்கு அந்தோணியார் அதிகப் புண்ணியம் எழுதுவார் என்று நான் நம்பவில்லை. கஷ்டப்பட்டு வந்ததே தகுதி என்பது யாத்திரிகர்களுக்கு எளிதில் வரும் ஒரு கர்வம். மீன்பிடிக்கிறவனுக்கு மோட்டார் கிடைத்தது நல்லதே. ஒன்று மட்டும் உண்டு. மோட்டாரில் போகிறவன் தன் வருகையைத் தன் டீசல் கணக்கிலிருந்து சொல்லிவிட முடியும். அதனால் இந்தக் கேள்வி அவனுக்குத் தோன்றாமலே போகக்கூடும். டீசலும் எங்கிருந்தோதான் வருகிறது என்பது வேறு விஷயம்.

1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் தீவு இலங்கையைச் சேர்ந்தது. யாத்திரிகர்கள் பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் வழக்கம்போல் வந்துபோகலாம் என்று அதன் ஐந்தாவது ஷரத்து சொல்கிறது. உள்நாட்டு யுத்தத்தால் நெடுநாள் தடைப்பட்டிருந்த விழா, யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு மீண்டும் உயிர்பெற்றது. பழைய சிறு கோயிலுக்குப் பக்கத்தில் 2016இல் புதிய கோயில் ஒன்றும் எழுந்திருக்கிறது. இந்தப் பக்கத்திலிருந்து போக விரும்புகிறவர்கள் இராமேசுவரம் வேர்க்கோட்டுப் பங்கில் முன்கூட்டியே பெயர் பதிந்து, அதிகாரிகளின் அனுமதி பெற்றுப் போக வேண்டும். போகிறவர்கள் வெயிலுக்கு ஒரு துண்டும் குடிதண்ணீரும் மறவாமல் எடுத்துக்கொள்ளுங்கள். தீவில் நன்னீர் கிடையாது.